‘கர்ப்பப்பை ஊசி’: ஒரு குடும்பம், ஒரு சிறு மருத்துவமனை, இரண்டு டோஸ்

பின்னணி

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிற அறக்கட்டளை மருத்துவமனை எங்களுடையது. டாக்டர் நான் ஒருத்திதான். இரண்டு சிஸ்டர்கள், சின்ன லேப், மருந்துக் கவுன்ட்டர், நான்கு கட்டில். வருகிறவர்களில் பாதிப் பேர் நூற்பாலைக்கு ஷிப்ட் போகிற பெண்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும். குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மாவே போட்டுவிடுவதால், ஊசி பற்றி ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிற பழக்கம் எங்களுக்கு அவ்வளவாக இல்லை. இந்த நிகழ்வில் நடந்த தவறுகளில் பாதி அதிலிருந்து வந்தவை.

2024 பிப்ரவரி 1 அன்று மத்திய இடைக்கால பட்ஜெட்டில், 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஊக்குவிக்கப்படும் என்று அறிவித்தார்கள். மறுநாளே ஒரு மும்பை நடிகை இந்த நோயால் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அதற்கடுத்த நாள் அவர் உயிரோடு வந்து, விழிப்புணர்வுக்காகச் சொன்னேன் என்றார். அந்தக் கூத்தைப் பற்றி என் கருத்து வேறு. ஆனால் அந்த வாரம் முழுக்க ‘அது என்ன ஊசி டாக்டரம்மா’ என்று பெண்கள் கேட்டது உண்மை. நாங்களும் சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் என்ற இந்தத் தடுப்பூசியை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தோம். ஒரு டோஸின் அச்சிட்ட விலை 2,000 ரூபாய்.

இந்த நோய் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2000-க்குப் பிறகு இங்கேதான், வினிகர் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கிற எளிய பரிசோதனையைப் பெரிய அளவில் கிராமங்களில் செய்து பார்த்தார்கள். ஒரே ஒரு முறை பரிசோதித்ததிலேயே இந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் முடிவு வந்தது. உலகம் முழுக்க எடுத்துச் சொல்லப்படுகிற ஆய்வு அது. இங்கே மில்லுக்குப் போகிற பெண்ணுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. 2022 கணக்கில் இந்தியாவில் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்தது, 80 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் இறந்தார்கள்.

கீழே வருகிற குடும்பத்திடம் அனுமதி கேட்டே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன்.

முதல் சந்திப்பு: 2024 ஏப்ரல்

பிள்ளைக்கு 14 வயது, எட்டாம் வகுப்பு முடிக்கிற நேரம். ஜனவரியில்தான் 14 முடிந்திருந்தது. மாதவிடாயில் உதிரம் அதிகம் போகிறது, எட்டு நாள் நிற்பதில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அம்மா கூட்டி வந்தார். அம்மா நூற்பாலையில் வேலை, அப்பா காய்கறி மண்டியில் சுமைத் தொழிலாளி. வீட்டில் அப்பத்தா உண்டு, 12 வயதில் ஒரு தம்பி உண்டு.

ரத்தம் எடுத்துப் பார்த்தோம், ஹீமோகுளோபின் 8.6, ரத்தசோகை. வயசுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடங்களில் இப்படி ஒழுங்கில்லாமல் போவது பல பிள்ளைகளுக்கு உண்டு. இரும்புச் சத்து மாத்திரையும் உதிரத்தைக் குறைக்க ஒரு மாத்திரையும் எழுதினேன். பயப்பட ஒன்றுமில்லை என்றேன். சீட்டைக் கையில் கொடுக்கும்போது, வயது 14 என்று கண்ணில் பட்டதால், “கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் இருக்க ஒரு ஊசி இருக்கும்மா, பாப்பாவுக்கு இது சரியான வயசு, போட்டுக்கலாம்” என்றும் சொன்னேன். அம்மா தலையாட்டினார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார்.

வரவில்லை. மே மாதம் மாத்திரை தீர்ந்திருக்க வேண்டும், அதற்கும் வரவில்லை.

மறுப்பு எங்கிருந்து வந்தது

ஜூனில் பள்ளி திறந்த பிறகு அம்மா மட்டும் மாத்திரை வாங்க வந்தார். என்னிடம் வராமல் கவுன்ட்டரிலேயே வாங்கிக்கொண்டு போகப் பார்த்தார். மூத்த சிஸ்டர்தான் பிடித்து உட்கார வைத்து, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டிருக்கிறார். பதில் இப்படி வந்தது: “எம் பொண்ணுக்குக் கர்ப்பப்பையில ஏதோ கோளாறுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களேன்னு ரெண்டு நாளு சோறு எறங்கல சிஸ்டர். புற்றுநோய்க்கு இப்பவே ஊசி போடணும்னா, அப்ப உள்ள என்னமோ இருக்குன்னுதான அர்த்தம்?”

உதிரப்போக்குக்கு வந்த பிள்ளை. அதே நாற்காலியில், அதே மூச்சில், நான் கர்ப்பப்பை என்றும் புற்றுநோய் என்றும் சொன்னேன். ‘வராமல் இருக்க’ என்ற சொல் அந்த அம்மாவின் காதில் விழவே இல்லை. விழாதது அவர் குற்றமில்லை.

சிஸ்டர் அரை மணி நேரம் பேசியதில் மற்றவையும் வெளியே வந்தன. அம்மா இந்தச் செய்தியைத் தன் அண்ணன் வீட்டில் சொல்லியிருக்கிறார். தாய்மாமன் என்ற முறையில் அவர் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு அதிகம். அவர் ஒரு வாய்ஸ் மெசேஜை அனுப்பியிருக்கிறார்: இது கர்ப்பப்பை ஊசி, போட்டால் பிள்ளை பிறக்காது, ஆந்திராவில் போட்ட பிள்ளைகள் செத்துப்போனார்கள். ‘கர்ப்பப்பை ஊசி’ என்ற பெயரை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் சுவரில் நாங்கள் ஒட்டிய தாளிலேயே பெரிய எழுத்தில் ‘கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தடுப்பூசி’ என்றுதான் இருந்தது. பேச்சில் அது சுருங்கி ‘கர்ப்பப்பை ஊசி’ ஆகிவிட்டது. கர்ப்பப்பைக்குப் போடுகிற ஊசி என்றால் அது கர்ப்பப்பையை ஏதோ செய்யும் என்று நினைப்பது இயல்புதானே.

இந்த வீட்டுக்கு இது முதல் தடவையும் அல்ல. 2017-ல் தமிழ்நாட்டில் பள்ளிகளில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்ஆப்பில் கிளம்பிய வதந்திகள் நினைவிருக்கலாம். அப்போது இந்தப் பிள்ளைக்கு 7 வயது. ஊசி நாளன்று பள்ளிக்கே அனுப்பவில்லையாம்.

அப்பாவின் கேள்வி வேறு. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு எதற்கு, கல்யாணம் ஆனபிறகு போட்டுக்கொள்ளலாமே என்றிருக்கிறார். அப்பத்தா என்ன சொன்னார் என்று சிஸ்டர் கேட்டதற்கு, “அவங்ககிட்ட யாரும் கேக்கல” என்றார் அம்மா. பிள்ளையிடமும் யாரும் கேட்கவில்லை. நாங்கள் உட்பட.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் எடுத்த முடிவு, அன்றைக்கு ஊசி பற்றி மேலே பேசுவதில்லை என்பது. அம்மாவுக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றுதான்: மகளின் கர்ப்பப்பையில் கோளாறு இல்லை என்ற உறுதி. வயிற்று ஸ்கேன் தேவையா என்று யோசித்தேன். மருத்துவக் காரணம் பலமாக இல்லை. ஆனாலும் எடுத்தோம். தேவையில்லாத பரிசோதனைக்கு நான் எதிரி. இங்கே என் வாயால் உண்டான பயத்தை என் செலவில் தீர்ப்பது நியாயம் என்று பட்டதால் பணம் வாங்கவில்லை. ஸ்கேன் சரியாக இருந்தது. ஜூலையில் ஹீமோகுளோபினும் 10-ஐத் தாண்டியது. ‘கோளாறு’ என்ற பேச்சு அந்த வீட்டில் அதோடு அடங்கியது.

அப்புறம்தான் ஊசி. முடிவு எடுக்கிறவர்கள் எல்லாரையும் ஒன்றாக வரச்சொன்னோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, புறநோயாளிகள் இல்லாத நேரம். அப்பா, அம்மா, தாய்மாமன் வந்தார்கள். அப்பத்தாவையும் பிள்ளையையும் கூட்டிவாருங்கள் என்று சிஸ்டர்தான் வற்புறுத்தினார். எனக்கு அது தோன்றியிருக்காது.

தாய்மாமன் ஆந்திரா விஷயத்தில்தான் தொடங்கினார். அதைப் பொய் என்று சொல்லித் தள்ளாமல் நடந்ததைச் சொல்வது என்று முன்பே முடிவு செய்திருந்தேன், ஏனென்றால் அது முழுப் பொய் இல்லை. 2009-ல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைச் சோதனைத் திட்டமாகப் போட்டார்கள். பிறகு ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். விசாரித்ததில் தண்ணீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து என்று காரணங்கள் வந்தன, ஊசியால் இறந்ததாகத் தெரியவில்லை. ஆனால் விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்துக்குப் பதில் வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது பெரிய தவறு, 2013-ல் நாடாளுமன்றக் குழுவே கண்டித்தது. “அதனாலதான் உங்க எல்லாரையும் வரச்சொன்னேன்” என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை, ஆனால் செல்போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

அந்தச் சர்ச்சையால் 2010-ல் நாட்டில் இந்த ஊசி ஆய்வுகளை நிறுத்தினார்கள். இரண்டு டோஸா மூன்று டோஸா என்று நடந்துகொண்டிருந்த வேறொரு பெரிய ஆய்வும் பாதியில் நின்றது. அதனால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே டோஸ்தான் கிடைத்தது. அவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, ஒரு டோஸே, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸின் 16, 18 வகைத் தொற்று நிலைத்துவிடாமல் ஏறத்தாழ அதே அளவு காத்தது என்று 2021-ல் தெரிந்தது. அந்த ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று எங்கள் மாவட்டத்து அம்பிளிக்கை. இதைச் சொன்னபோது அப்பா முதல் முறையாக நிமிர்ந்து, “நம்ம அம்பிளிக்கையா?” என்றார். ஸ்வீடன், ஸ்காட்லாந்து ஆய்வுகள் என்று நான் தயாராக வைத்திருந்த தகவல்கள் எல்லாம் அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

கல்யாணத்துக்கு முன் ஏன் என்ற கேள்விதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த வைரஸ் உடலுறவு வழியாகத் தொற்றுவது. தகப்பனும் தாய்மாமனும் இருக்கிற இடத்தில் 14 வயதுப் பிள்ளை முன்னால் அதை எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்குப் பிறகு யாருக்கும் வரக்கூடிய கிருமி, ஒழுக்கத்தோடு சம்பந்தமில்லை, கிருமி வருவதற்கு முன் போட்டால்தான் பலன், இந்த வயதில் உடம்பு எதிர்ப்புச் சக்தியை நன்றாக உண்டாக்கும் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “விதை நேர்த்தி மாதிரியா? முளைச்சப்புறம் செய்ய முடியாது” என்றார். இதைவிட நல்ல உவமை என்னிடம் இல்லை. இப்போது அதையே நான் மற்றவர்களிடம் சொல்கிறேன்.

பிறகு அப்பத்தா பேசினார். அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய தங்கை, நாற்பது சொச்ச வயதில், பெரும்பாடு, வெள்ளைப்பாடு என்று ஒரு வருடம் கிடந்து செத்திருக்கிறார். வாடை தாங்காமல் பின்கட்டில் கட்டில் போட்டு வைத்தார்களாம். “அது இந்த நோவுதானா?” என்று என்னிடம் கேட்டார். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றேன். மகனைப் பார்த்து, “போட்டு விடுடா” என்றார். அவ்வளவுதான்.

பிள்ளையை சிஸ்டர் தனியே அழைத்துக் கேட்டார். அவளுக்கு இரண்டு கேள்விகள். ஊசி போட்டால் மாதவிடாய் வயிற்றுவலி கூடுமா? கூடாது. தம்பிக்கு ஏன் இல்லை? ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம், அனுமதி இருக்கிறது, இப்போதைக்குக் காசு இருக்கிறவரை பெண் பிள்ளைகளுக்கு முதலில் என்று சிஸ்டர் சொன்னார். அவள் அதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

எத்தனை டோஸ் என்பதிலும் ஒரு முடிவு வேண்டியிருந்தது. 9 முதல் 14 வயதுக்கு ஒரு டோஸோ இரண்டோ போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு டோஸ் ஆதாரம் பெரும்பாலும் வேறு நிறுவன ஊசிகளில் வந்தது. நாங்கள் வைத்திருந்த ஊசியின் அனுமதி ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸுக்கு. ஆகவே இரண்டு என்றேன். அதோடு, இரண்டாவதுக்குப் பணம் புரளாவிட்டால் முதலாவது வீணாகிவிடாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

முதல் ஊசி நாள்

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு வார விடுப்பு. பள்ளி விட்டு மாலை ஐந்து மணிக்கு வந்தார்கள். இடது மேற்கையில் ஊசி போட்டோம். எழுந்து கவுன்ட்டரில் போய் அட்டையில் சீல் வாங்கிக்கொள்ளச் சொன்னோம். வரிசையில் நின்றவள் இரண்டே நிமிடத்தில் முகம் வெளுத்துக் கீழே விழுந்தாள். தாடையில் சிராய்ப்பு.

படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தோம். நாடி 52, ரத்த அழுத்தம் குறைவு. உடம்பில் தடிப்பு இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, வீக்கம் இல்லை. ஒவ்வாமை அதிர்ச்சியில் நாடி வேகமாக ஓடும், இங்கே மெதுவாக இருந்தது. சாதாரண மயக்கம்தான். ஒவ்வாமை அதிர்ச்சிக்குப் போடும் அட்ரினலின் எடுத்துக் கையில் வைத்திருந்தோம், தேவைப்படவில்லை. ஒரு நிமிடத்தில் கண் விழித்தாள். ஒரு மணி நேரம் வைத்திருந்து இளநீர் கொடுத்து அனுப்பினோம்.

ஆடி வெள்ளி. காலையிலிருந்து விரதம். தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை. ஊசி போட்டதும் பதினைந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும் என்பது இந்த ஊசிக்கு எங்கேயும் எழுதியிருக்கிற பாலபாடம், வளரிளம் பருவத்தில் ஊசிக்குப் பின் மயக்கம் சகஜம் என்பதால்தான் அது. அதையும் செய்யவில்லை. இதெல்லாம் போதாதென்று, மறுநாள் பழைய சீட்டைப் புரட்டியபோது ஏப்ரலில் சிஸ்டர் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது: ‘ரத்தம் எடுக்கும்போது தலைசுற்றல்.’ என் கையெழுத்துக்கு நேர் மேலே இருந்தது. நான் படிக்கவில்லை.

அன்று தங்கள் பிள்ளைகளுக்குப் போடக் காத்திருந்த இரண்டு அம்மாக்கள், அவள் விழுந்ததைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அடுத்த சில வாரங்கள்

இரவுக்குள் மில் குரூப்பில் செய்தி போய்விட்டது. ‘ஊசி போட்டதும் பிள்ளை சுருண்டு விழுந்துருச்சு.’ அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் சங்கடம்.

மறுநாள் காலை நானும் சிஸ்டரும் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டேன், ஊசிக்காக அல்ல, சாப்பிட்டாயா என்று கேட்காததற்கும் நிற்க வைத்ததற்கும். தாய்மாமனும் அங்கே இருந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று இருந்தது. அப்பத்தாதான் முந்திக்கொண்டு, “கெடா வெட்டுல ரத்தத்தப் பாத்தே விழுந்தவ இவ, ஊசிக்கு விழ மாட்டாளா?” என்றார். பிள்ளை சிரித்தாள். கை வலியைத் தவிர ஒன்றும் இல்லை.

தடுப்பூசிக்குப் பின் ஏற்பட்ட பாதகம் என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தோம். தனியாரும் தெரிவிக்க வேண்டும். எங்களைப் போன்ற சிறிய இடங்களில் பலர் செய்வதில்லை, நாங்களும் அதற்கு முன் செய்ததில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளை எடுத்துவிட்டோம். அந்த ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் எங்களிடம் யாரும் இந்த ஊசி கேட்டு வரவில்லை.

பிள்ளையின் அம்மா அந்த மில் குரூப்பில் பிறகு ஒரு பதில் போட்டிருக்கிறார் என்று அக்டோபரில்தான் எனக்குத் தெரிந்தது. மகள் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடுகிற படம். கீழே, ‘விரதத்தோட போனோம், அதான். சாப்பிட்டுப் போங்க.’ நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. எழுந்து போன இரண்டு அம்மாக்களில் ஒருவர் தீபாவளிக்குப் பிறகு வந்தார். இன்னொருவர் இதுவரை வரவில்லை.

இரண்டாவது டோஸ்

2025 பிப்ரவரியில் போட வேண்டியது. பிப்ரவரியும் போனது, மார்ச்சும் போனது. சிஸ்டர் போன் செய்தபோது அம்மா இரண்டு காரணங்கள் சொன்னார். ஜனவரியில் பிள்ளைக்கு 15 முடிந்துவிட்டது, 15-க்கு மேல் என்றால் மூன்று ஊசி என்று மருந்துக்கடையில் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு ஊசிக்குப் பணத்துக்கு எங்கே போவது? இரண்டாவது, மார்ச்சில் வந்த தமிழ்நாடு பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் படிப்படியாக இலவசமாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியிருப்பதாக டிவியில் பார்த்திருக்கிறார். காத்திருந்தால் ஓசியில் கிடைக்குமே?

முதல் ஊசி எந்த வயதில் போட்டோம் என்பதுதான் கணக்கு, அன்று 14 என்பதால் இரண்டே போதும் என்று சொன்னோம். இடைவெளி ஆறு மாதத்தைத் தாண்டினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அரசுத் திட்டம் 14 வயதுக்கு என்பதால் இவளுக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பணத்துக்கு, கொள்முதல் விலைக்கே தருகிறோம், இரண்டு தவணையாகக் கொடுங்கள் என்றோம். இந்த மூன்றையும் முதல் ஊசி நாளன்றே அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு மாதம் போயிருக்காது.

ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்து வந்தாள். சாப்பாடு முடித்து, படுத்த நிலையில் ஊசி, அரை மணி நேரம் கட்டிலிலேயே. அம்மாவின் செல்போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அன்று அம்மா தானாகவே, “எனக்கு ஊசி இல்லையா?” என்று கேட்டார். அவருக்கு 37. அந்த வயதில் அவருக்கு வேண்டியது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்று சொல்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம், அங்கே இலவசம். ஒரு வாரத்தில் பார்த்துவிட்டு வந்தார். இயல்பாக இருந்தது. தம்பிக்கு ஊசி போடவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

மாற்றிக்கொண்டவை

மாதவிடாய்ப் பிரச்சினைக்கு வருகிற பிள்ளையிடம் அன்றைக்கே இந்த ஊசியைப் பற்றிப் பேசுவதில்லை. தனியாக ஒரு நாள் வரச்சொல்கிறோம், அல்லது காய்ச்சல், காயம் என்று வந்த நாளில் பேசுகிறோம்.

பெயர் விஷயத்தில் இன்னும் தடுமாற்றம்தான். ‘புற்றுநோய்த் தடுப்பூசி’ என்று மட்டும் எழுதிப் பார்த்தோம். என் பிள்ளைக்கு ஏன் புற்றுநோய் ஊசி என்று ஒருவர் பதறினார். ஹெச்பிவி என்றால் ஹெச்ஐவி என்று காதில் விழுகிறது. இப்போது ‘9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கான தடுப்பூசி’ என்று எழுதி, எதற்கு என்பதை நேரில் சொல்கிறோம். இது சரியான விடையா என்றால், இப்போதைக்கு ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஊசிக்கு முன் சிஸ்டர் மூன்று கேள்வி கேட்கிறார்: சாப்பிட்டாயா, விரதமா, இதற்கு முன் ஊசிக்கோ ரத்தத்துக்கோ மயங்கியிருக்கிறாயா. ஆடி, மார்கழி வெள்ளிகளில் போடுவதில்லை. சீல் வைக்கிற அட்டை கட்டிலுக்கே வருகிறது. வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் கூட்டிவரச் சொல்கிறோம். சில வீடுகளில் அதுவே எதிராகப் போகிறது, ஒரு பாட்டி எங்கள் முன்னாலேயே வேண்டாம் என்று பேத்தியைக் கூட்டிப் போனார். அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

2025 ஜூனில் அந்தத் தாய்மாமனின் மனைவி வெள்ளைப்படுதல் என்று வந்தார். அவர் மகளுக்கு 13 வயது. அன்று நான் ஊசி பற்றி வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் அவரே சிஸ்டருக்குப் போன் செய்து, அரசாங்க ஊசி எங்கள் ஊருக்கு எப்போது வரும் என்று கேட்டார். தேதி தெரிந்ததும் சொல்கிறோம் என்று சிஸ்டர் அவர் எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.